கார்டு போடுவதற்கு முன்



நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது அரசாங்கத்துக்குத் தெரிவது கார்டு போடும் நாளில்தான். நாள் தள்ளிப் போகிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். ஆஷா வர்க்கரிடம் சொல்கிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் பெயர் எழுதிக் கார்டு போடுகிறார்கள். அன்று தொட்டு அரசு அவளை விடுவதில்லை. ரத்தம் பார்க்கிறது, எடை பார்க்கிறது, மாத்திரை கொடுக்கிறது, பிரசவம் வரை கூடவே வருகிறது. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் 99.8 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பரிசோதனைக்கு வந்துவிட்ட தாய்மார்கள் நூற்றுக்கு 90 பேருக்கு மேல். பெருமைப்பட வேண்டிய நிலைதான். ஆனால் அந்தக் கார்டு போடும் நாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழல், கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளில் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப் போனதைப் பெண் உணரும்போதே கருவுக்கு இரண்டு வார வயது. உறுதி செய்து, வீட்டில் சொல்லி, பெயர் எழுதி, ஃபோலிக் அமில மாத்திரை கைக்கு வரும்போது பெரும்பாலும் அந்தக் குழல் நல்லபடியாக மூடியிருக்கும், அல்லது மூடாமல் போயிருக்கும். இதயம் எட்டு வாரத்துக்குள் தன் வடிவத்தை அடைந்துவிடுகிறது. மாநிலமே மெச்சும் நம் சேவை, மிக முக்கியமான சில வாரங்கள் கழிந்த பிறகே வாசலுக்கு வருகிறது. அந்த வாரங்களுக்கும் அவற்றுக்கு முந்திய ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்கும் ஆராய்ச்சி கேரள-தமிழ்நாடு எல்லையோரமான இந்தக் கிராமங்களில், இரண்டு மாநிலங்களும் சேர்ந்து, இரண்டு மொழிகளிலும் நடக்க வேண்டும் என்று வாதிடவே இன்று நிற்கிறேன்.

கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது வெறும் அறிவுரையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதைச் சான்றாக மாற்றியது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு. நரம்புக்குழல் குறையோடு ஏற்கெனவே ஒரு குழந்தையைச் சுமந்த 1,817 பெண்களை ஏழு நாடுகளில் 33 மையங்களில் சேர்த்தார்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஒரு பகுதியினருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஃபோலிக் அமிலம் பெற்றவர்களில் 6 கருக்களுக்கும் பெறாதவர்களில் 21 கருக்களுக்கும் அந்தக் குறை இருந்தது. 72 விழுக்காடு பாதுகாப்பு. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இந்த எண்களில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 33 மையங்கள் சேர்ந்தும் கிடைத்தவை 27 நிகழ்வுகள்தாம். தனியொரு மருத்துவமனை இதைச் செய்திருந்தால் ஒரு தலைமுறை காத்திருந்தாலும் விடை கிடைத்திருக்காது. அரிதான கேள்விக்குத் தனித்து நின்று விடை காண முடியாது என்பதால்தான் கூட்டாய்வு தேவைப்படுகிறது.

நமக்கு அருகிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998இல் வலிப்பு நோயுள்ள பெண்களுக்கான கர்ப்பப் பதிவேடு ஒன்றை டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தொடங்கினார். பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ பதிவு செய்யும் ஏற்பாடு அது. கர்ப்பத்துக்கு முந்திய மாதத்தில் வலிப்பு வந்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் வலிப்பு வரும் வாய்ப்பு சுமார் 15 மடங்கு என்று அந்தப் பதிவேடு காட்டியது. முந்திய மாதத்தைக் கவனித்தவர்களுக்குத்தானே அப்படியொரு மாதம் கண்ணில் படும்! பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ‘யூரேப்’ பதிவேட்டிலும் இந்த ஆய்வாளர்களுக்குப் பங்குண்டு. 42 நாடுகளிலிருந்து 7,355 கர்ப்பங்களைத் தொகுத்து 2018இல் அது வெளியிட்ட கணக்கில், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைகள் இருந்தன. லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மாத்திரை எடுத்தவர்களிடம் அது 3க்கும் குறைவு. மாத்திரையை மாற்றுவதானால் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். கார்டு போட்ட பிறகு மாற்றுவது பெரும்பாலும் காலம் கடந்த செயல். தானாக நிறுத்திக்கொண்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் ஒரு நிறுவனம் உலகத்தோடு சேர்ந்து கண்டறிந்த உண்மை இது. நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வலிப்பும் நரம்புக்குழல் குறையும் சிலருக்கே வருபவை. பலருக்கும் வருவது வேறு. அதே தேசிய ஆய்வு கேரளப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருப்பதாகவும், 36.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் எடை 40.4, ரத்தசோகை 53.4. ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடம்பில், மிகையும் குறையும் சேர்ந்தே இருக்கின்றன. இந்த முரணைக் கருப்பையிலிருந்தே விளக்க முயன்றவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். 1993இல் புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து பிறந்தும் கொழுப்பைச் சுமந்து வரும் இந்தக் குழந்தைகள் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு எளிதில் ஆளாவார்கள் என்று அவர் வாதிட்டார். தாய்க்கு வைட்டமின் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்தால் குழந்தையின் ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவர வேலை செய்யாத அறிகுறி தெரிவதையும் அவர் குழு கண்டது. ஆகவே எல்லாருக்கும் ஒரு ஃபோலிக் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கை. அந்தக் கிராமங்களில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பருவம் எய்தியதும், 2012இல், அவர்களுக்கே, ஆண் பெண் இருபாலருக்கும், பி12 கொடுத்து அடுத்த தலைமுறையைப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. ஓர் ஆய்வு தன் மக்களோடு இருபது ஆண்டு கூடவே இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன்.

இனி நம் தாலூகாவுக்கு வருவோம். நெய்யாற்றின்கரை தாலூகாவில் நடந்த கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தைப் பற்றி உலக மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்ரீ சித்திரா நிறுவனமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தியது. தாலூகாவின் வாக்குச்சாவடிப் பகுதிகளில் 60ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள 1,007 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பகுதிகளில் ஓராண்டில் 15 கூட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியது டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற அந்தந்த ஊர்க்காரர்களே. இரண்டாண்டு கழித்தும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் ஆய்வில் நிலைத்திருந்தார்கள். பெருநகர ஆய்வாளர்கள் ஏங்கும் எண் அது. நம் மக்களின் பொறுமைக்கும் நாணயத்துக்கும் கிடைத்த சான்று. முடிவு 2018இல் வந்தது. கூட்டங்கள் நடந்த பகுதிகளில் 14.9 விழுக்காட்டினருக்கும், மற்றப் பகுதிகளில் 17.1 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. வேறுபாடு சிறிது, தற்செயலாகவும் இருக்கலாம் என்றே புள்ளியியல் சொன்னது. ஆனால் காய்கனி உண்பது கூடியது, மது குறைந்தது, நோய்வாய்ப்பின் மதிப்பெண் இறங்கியது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் வயதைப் பாருங்கள்: 30 முதல் 60 வரை. நம் பக்கத்தில் பல பெண்களுக்கு 30 வயதாகும்போது பிள்ளைப்பேறே முடிந்துவிடுகிறது. சராசரி வயது 46 ஆன ஒரு கூட்டத்தில் கற்றுக்கொள்வது அவர்களுக்குப் பயன்படும், அவர்களது பேரப்பிள்ளைகளுக்கும் ஓரளவு பயன்படலாம். ஆனால் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் கருப்பை நாள்களுக்குப் பயன்படாது. கர்ப்பிணிகளையும் அந்த ஆய்வு சேர்க்கவில்லை. மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சேர்க்கவில்லை. ஆய்வின் கேள்விக்கு அந்த விதிகள் வசதியாக இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளறடையிலும் செங்கலிலும் காரோட்டிலும் தமிழில் படித்து, தமிழில் ஜெபித்து, தமிழில் கணக்கெழுதும் வீடுகள் அந்த விதியால் வெளியே நின்றன. அதே முறை, அதே வாக்குச்சாவடிப் பகுதிகள், அதே ஊர்க்காரத் தலைவர்கள். வயதை மட்டும் 18க்கு இறக்கி, மொழியை இரண்டாக்கிப் பாருங்கள். அதைத்தான் நான் கேட்கிறேன்.

இதற்கு முதல் மறுப்பு நியாயமானது. முன்னே நடந்த ஆய்வே தெளிவான வெற்றி காணவில்லை, கர்ப்பத்துக்கு முன் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் தடுமாறியிருக்கின்றனவே என்று கேட்பார்கள். ஆம், மும்பையின் குடிசைப் பகுதிகளில் 6,513 பெண்களுக்கு, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே, கீரையும் பழமும் பாலும் சேர்ந்த சிற்றுண்டி ஒரு பிரிவுக்கும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போன்றவை சேர்ந்த சிற்றுண்டி மறு பிரிவுக்கும் தினமும் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குழந்தைகளின் எடையில் உறுதியான மாற்றமில்லை. கர்ப்பத்துக்கு முன் மூன்று மாதமாவது உண்டவர்களிடம் மட்டும் 48 கிராம் கூடியிருந்தது, அதுவும் மிக மெலிந்த பெண்களிடம் தெரியவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பரிசோதிக்கப்பட்ட தாய்மார்களில் கர்ப்பகாலச் சர்க்கரை கீரைச் சிற்றுண்டிப் பிரிவில் 7.3 விழுக்காடு, மற்றப் பிரிவில் 12.4. எடையைத் தேடிப் போனவர்களுக்குச் சர்க்கரை பற்றிய விடை கிடைத்தது. சர்க்கரை நோய் மலிந்த நம் தாலூகாவுக்கு எடையைவிட அதுவே பெரிய செய்தி. மரச்சீனியும் மீனும் சோறும் உண்ணும் நம் வீடுகளில் அது அப்படியே செல்லுமா என்பது மும்பையில் கிடைக்கும் விடையன்று, இங்கே பார்த்தாக வேண்டும். பிறகு டெல்லியில் 13,500 பெண்களோடு நடந்து 2022இல் வெளியான ஆய்வு, உணவோடு நிற்காமல் ரத்தசோகை, தொற்று, மனநலம், குடிநீர், கழிப்பறை எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தது. கர்ப்பத்துக்கு முன்பும் கர்ப்பத்திலும் கவனிப்புப் பெற்றவர்களிடம் எடை குறைந்த பிறப்பு 24 விழுக்காடு குறைந்தது. பிறந்த பின்னும் அந்தக் கவனிப்பு தொடர்ந்த குழந்தைகளிடம் இரண்டு வயதில் வளர்ச்சிக் குன்றல் ஏறக்குறைய பாதியானது. பிறப்பு எடைக்காக ஒற்றை உணவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தடுமாறின. வாழ்க்கையை முழுசாகத் தொட்டது பலித்தது. தடுமாறிய ஆய்வுகள் இல்லாமல் டெல்லி ஆய்வு இவ்வாறு வகுக்கப்பட்டிருக்காது என்றே நான் கருதுகிறேன். இப்போது கிராம மைசூரு, கனடா, சீனா, தென்னாப்பிரிக்கா என நான்கு இடங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, ஒப்பிடத்தக்க முறைகளில், கர்ப்பத்துக்கு முன்பிருந்து குழந்தையின் ஐந்து வயது வரை பார்க்கும் ‘ஹெல்டி’ ஆய்வு நடக்கிறது. நாம் தொடங்குவதானால் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும்படி தொடங்கலாம்.

எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நடக்கும் எந்த ஆய்வையும் குலைக்கக்கூடியது அதுதான். 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு தாலூகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் பிரியவில்லை. இங்கே வாழ்க்கைப்பட்ட பெண் முதல் பிரசவத்துக்கு மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ உள்ள பிறந்த வீட்டுக்குப் போகிறாள். அங்கே வாழ்க்கைப்பட்டவள் பாறசாலைக்கு வருகிறாள். இந்தப் பக்கம் போட்ட கார்டு அந்தப் பக்கம் செல்வதில்லை. தமிழ்நாட்டில் தாய்க்கு வேறொரு பதிவு எண் தருகிறார்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். ஆக ஒரு மாநிலத்துக்குள் மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வு, பெண்ணைத் திருமணத்திலிருந்து கவனித்து வந்து, சரியாகப் பிரசவத்தின்போது தொலைத்துவிடும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திராவும் ஒருபுறம், ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மறுபுறம், நடுவே எல்லையை ஒட்டியே நிற்கும் காரக்கோணம் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி. இவை ஒரே கணக்கேட்டை எழுத ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்தப் பகுதிக் குழந்தையின் கதை முழுதாகக் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பைப் பெண்கள் இயக்கத்தார் எழுப்புவார்கள், அதை நான் பெரிதும் மதிக்கிறேன். 18 வயதிலிருந்தே ஒரு பெண்ணை வருங்காலக் கருப்பையாகப் பார்ப்பதா? ‘விசேஷம் ஒன்றுமில்லையா’ என்று கேட்டுக் குடையும் உறவினர் போதாதென்று சுகாதாரத் துறையும் கேட்க வேண்டுமா? கேட்கக் கூடாது என்பதே என் பதில். ரத்தசோகை தீர வேண்டியது முதலில் அவள் மூச்சுவாங்காமல் மாடியேறுவதற்காக. சர்க்கரை கட்டுப்பட வேண்டியது அவள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆக. பிள்ளை வேண்டாம் என்றிருப்பவளும் அந்தக் கூட்டத்தில் சமமாக உட்கார வேண்டும். எப்போது, எத்தனை என்ற கேள்வி அவள் கேட்டால் மட்டும் பேசப்பட வேண்டும். தள்ளிப்போடும் வழிகளும் அப்போது சொல்லப்பட வேண்டும். இந்தச் சுமையை அவள் தலையில் மட்டும் ஏற்றுவது அறிவியலாகவும் தவறு. ஆணின் விந்தணு முதிர ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. நம் பகுதியில் எத்தனையோ கணவர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், லீவுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ வருகிறார்கள். அந்த லீவில் உண்டாகும் குழந்தைக்குத் தகப்பன் தரும் பங்கு துபாயிலோ தோஹாவிலோ தொழிலாளர் அறையில், புகையிலும் தூக்கக்கேட்டிலும் வெயிலிலும் உருவானது. டிக்கெட் போடும் தேதி மூன்று மாதம் முன்பே வீட்டுக்குத் தெரியும். கர்ப்பத்துக்கு முந்திய மூன்று மாதத்தை இவ்வளவு துல்லியமாக முன்கூட்டி அறியக்கூடிய குடும்பங்கள் உலகில் அதிகம் இருக்க மாட்டா. கணவனுக்கு அங்கே கைப்பேசியிலும் மனைவிக்கு இங்கே அக்கம்பக்கப் பெண்கள் கூடும் அயல்கூட்டத்திலும் ஒரே நேரத்தில் பேசும் ஆய்வை வேறெங்கும்விட இங்கே நடத்தலாம்.

மூன்றாவது மறுப்பு அச்சத்திலிருந்து வருவது. வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டுக் கேள்வி, நம் உடம்பு. இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. திருவனந்தபுரத்தில் வாய்ப்புற்று நோயாளிகளிடம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் தொடர்பில் நடந்த மருந்துப் பரிசோதனை 2001இல் பெரும் விவாதமானது. உரிய அனுமதியின்றி அது நடந்ததை அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து ஒப்புக்கொண்டது. இப்படியொன்று நடந்த மண்ணில் ‘ஆராய்ச்சி’ என்றாலே மக்கள் பின்வாங்கினால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டால் மிச்சமிருப்பது என்ன? புனேக்கும் மும்பைக்கும் பொருந்தியதை நம்மேல் சோதிக்காமலே ஏற்றுவது, அல்லது எதுவும் செய்யாதிருப்பது. இரண்டுமே நம் உடம்பின்மேல் நடக்கும் சோதனைதான், கணக்கெழுதாத சோதனை. கூட்டாய்வு என்றால் பணம் ஒருவருடையது, ரத்தம் இன்னொருவருடையது என்று ஆகிவிடக் கூடாது. கேள்வியை வகுக்கும் மேசையில் இந்த ஊர் ஆட்கள் உட்கார வேண்டும். ரத்த மாதிரி எங்கே போகிறது, யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் வேண்டும். சோதனையில் சர்க்கரையோ ரத்தசோகையோ தெரிந்தால், ஆய்வில் எந்தப் பிரிவில் இருந்தாலும் மருத்துவம் கிடைக்க வேண்டும். முடிவு ஆங்கில இதழுக்குப் போகும் அதே வாரத்தில் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், புதிதாக ஓர் அமைப்பை உண்டாக்க வேண்டியதில்லை. திருமணத்துக்கு முன் மணமக்கள் இருவரையும் உட்காரவைத்து வகுப்பு எடுக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் இருக்கிறது, எஸ்.என்.டி.பி. யோகம் என்ற சமூக அமைப்பும் நடத்துகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்து கேட்கும் ஒரே இடம் அது. அங்கே ஒரு மணி நேரமும், விரும்புவோருக்கு ரத்தப் பரிசோதனையும், ருபெல்லா ஊசி போட்டாயிற்றா என்ற கேள்வியும் போதும். ருபெல்லா ஊசியைக் கர்ப்பமான பிறகு போட முடியாது. சபையோ யோகமோ இல்லாதவர்கள் விட்டுப்போகாமல் இருக்க அயல்கூட்டங்கள் இருக்கின்றன. முதல் வேலையாக, சம்மதப் படிவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இருந்து மொழிபெயர்த்து அனுப்ப வேண்டாம். பனச்சமூட்டிலும் பூவாரிலும் இஞ்சிவிளையிலும் புதிதாக மணமான சிலரை உட்காரவைத்து, வரி வரியாக வாசித்துக் காட்டி, புரியாத சொல்லை அவர்கள் சொல்லும் சொல்லால் மாற்றி, அதன் பிறகு இரண்டு மாநில நெறிமுறைக் குழுக்களுக்கும் ஒரே படிவமாக அனுப்புவோம். அந்த வாசிப்புக்கு உங்கள் தெருவில் ஒரு திண்ணையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையையும் ஒதுக்கித் தாருங்கள்.